நண்டுதின்னிக்கு ரெண்டு சாட்சி

அருள்பிரகாசத்தைப் பற்றி ராயபுரத்தில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைப் பூசைக்கு முதல் பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்கும். அவர் சம்சாரம் அடைக்கலமேரியைக் கேட்டால் மட்டும் கதை வேறு. "அவருக்கு வவுறு எரியிற வியாதி. மாத்திரைல நிக்காது. சுப்புராஜு பேர சொல்லிப் பாரு, தெரியும்" என்பாள். கட்டினவளுக்குத் தெரியாதா?

அருள்பிரகாசம் துறைமுகத்தில் டாலி கிளார்க்கு. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை. கப்பல்காரன் பக்கம் ஒரு ஆள் எண்ணுவார், துறைமுகம் பக்கம் ஒரு ஆள் எண்ணுவார். ஷிப்டு முடிந்ததும் ரெண்டு கணக்கும் ஒத்துப்போய், ஒரே தாளில் ரெண்டு கையெழுத்தும் விழவேண்டும். மழை கொட்டி ஒரு மூட்டைகூட இறங்காத நாளிலும் 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். ஒத்தைக் கையெழுத்துத் தாளை வைத்துக்கொண்டு வடைதான் மடிக்கலாம். கப்பல் பக்கம் அருள்பிரகாசம், துறைமுகம் பக்கம் சுப்புராஜ். இருபத்தோரு வருஷமாக ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற ஆட்கள்.

பறவை பார்க்கிற பைத்தியம் முதலில் பிடித்தது அருள்பிரகாசத்துக்குத்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு ருஷ்யக் கப்பலில் செகண்டு ஆபீசரிடம் வாங்கின தொலைநோக்கி, வலது கண்ணாடியில் பூஞ்சை பிடித்தது, அதை வைத்துக்கொண்டு கிரேன் நிற்கிற நேரத்தில் கடற்காகம் பார்ப்பார். "அது இன்னா மாமு மூக்கு செவப்பா கீது?" என்று ஒருநாள் சுப்புராஜ் கேட்டுத் தொலைத்தான். இவரும் சந்தோஷமாகச் சொல்லித் தொலைத்தார். அங்கே ஆரம்பித்தது சனியன்.

கடலோரப் பறவை பார்ப்போர் சங்கம் என்று தென்சென்னைப் பக்கம் ஒன்று உண்டு. மாதா மாதம் நாலு பக்கத்தில் ஒரு தாள் போடுவார்கள். யார், எங்கே, என்ன பறவையைப் பார்த்தார்கள் என்று பேரோடு வரும். அந்தத் தாளில் தன் பேர் ஒரே ஒரு தடவை வந்துவிட்டால் போதும், அருள்பிரகாசத்துக்கு வேறு மோட்சம் வேண்டாம். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறார். பதிலுக்கு ஏழு தபால் கார்டு வந்திருக்கிறது. ஏழிலும் ஒரே வாசகம்: "தனியொருவர் பார்த்ததை வெளியிடுவதில்லை. உடன் பார்த்தவர் பெயரும் வேண்டும்."

உடன் யார் பார்ப்பார்கள்? மனுஷன் ஒண்டியாகத்தான் போவார். ஒண்டியாகப் போவதில்தான் அவருக்கு ருசியே. வாரத்தில் ஆறு நாள் ஆயிரம் பேர் சத்தத்தில் மூட்டை எண்ணுகிறவருக்கு ஏழாவது நாள் பக்கத்தில் ஒரு வாய் பேசக்கூடாது. சுப்புராஜுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மச்சானை இழுத்துக்கொண்டு போவான், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனை. போன வருஷம் எண்ணூர் டீக்கடை ஜாபரை உடன் பார்த்தவராகப் போட்டான். டீ மாஸ்டருக்குக் கொக்கும் தெரியாது, நாரையும் தெரியாது. இருந்தாலும் அச்சில் வந்துவிட்டது! ஒன்றரை வருஷத்தில் நாலு தடவை சுப்புராஜ் பேர்.

அதையும் பொறுத்திருப்பார். புழல் ஏரி விஷயம்தான் பொறுக்க முடியாமல் போனது. ஒரே ஒரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு, சுப்புராஜோடு சேர்ந்து போனார். நூற்றிப் பதினாலு கூழைக்கடா. எண்ணினது இவர், ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு. தாளில் எப்படி வந்தது தெரியுமா? 'சுப்புராஜ் மற்றும் நண்பர்'. நண்பராம்! அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் அவர் சுப்புராஜோடு எங்கேயும் போகவில்லை.

இதெல்லாம் முன்கதை. நான் சொல்ல வந்தது ரெண்டாயிரத்து ரெண்டாம் வருஷம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே தொலைநோக்கி, தண்ணி பாட்டில், நோட்டு. முதலில் காசிமேடு. படகுகள் வந்திருந்தன. ஏலக்காரி சத்தத்துக்கு மேலே செம்பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று சர்ரென்று இறங்கிக் கூடையோரத்தில் கிடந்த காரப்பொடி மீனைத் தூக்கிக்கொண்டு போனது. கூடைக்காரி அதன் வம்சத்தையே திட்டினாள். அருள்பிரகாசத்துக்கு மனசு லேசானது. முப்பத்தி ரெண்டு செம்பருந்து என்று நோட்டில் எழுதினார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் இதுவரைக்கும் கால் வைக்காத தெரு ஒன்றில் நடந்தே தீருவது. ஐம்பது வயசுக்கு ராயபுரத்தையும் தண்டையார்பேட்டையையும் ஏறக்குறைய முடித்துவிட்டார். அன்றைக்குக் கிடைத்தது ஒரு முட்டுச்சந்து. குழாயடியில் வரிசையாக பிளாஸ்டிக் குடம், கோலத்தின்மேல் நிறுத்தின சைக்கிள் ரிக்‌ஷா, மாடியில் ஒரு புறாக்கூண்டு. புறாவுக்குச் சொந்தக்காரர் எட்டிப் பார்த்து, "யாரு வோணும் சார்?" என்றார். "யாரும் வேணாம், சும்மா பாக்க வந்தேன்" என்றார் இவர். "பாரு சார், நல்லாப் பாரு. பாக்கறதுக்கு இன்னா கீது" என்று அந்த ஆள் சிரித்தார். இந்த மாதிரி ஒரு காலைப்பொழுது சுப்புராஜுக்குக் கிடைக்குமா? அவனுக்கு எங்கே போனாலும் ஊர்வலம். பாருங்கள், நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற நேரத்திலும் அந்தப் பேர் வந்து நிற்கிறது.

திருவொற்றியூரில் இறங்கி இட்லி, வடகறி. கோயில் குளத்தோரத்து மரத்தில் இராக்கொக்குகள் தோளைக் குறுக்கிக்கொண்டு தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எண்ணூர் பஸ். ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டின கருங்கல், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கல்மேல் நிற்கிற நீர்க்காகங்களை எண்ணிக்கொண்டே போனார்.

எண்ணூரில் இறங்கி ஜாபர் கடையில் டீ கேட்டார். ஜாபர் டீயை ஆற்றிக்கொண்டே, "சுப்பு சார் வரலியா?" என்றார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தால் பாய்லருக்குப் பின்னால் சுவரில் சங்கத்துத் தாள் ஒட்டியிருக்கிறது. 'பார்த்தவர்கள்: சுப்புராஜ், ஜாபர்'. அதில் ஜாபர் என்கிற மூன்று எழுத்துக்கும் கீழே சிவப்புப் பேனாவில் கோடு. "நம்ம பேரு சார்" என்றார் ஜாபர், வாயெல்லாம் பல்லாக. அருள்பிரகாசத்துக்குக் காதில் புகை வராத குறை. டீயில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

கழிமுகத்துக் கரையில் மங்கம்மா எதிரே வந்தாள். தண்ணி வற்றுகிற நேரத்தில் சேற்றில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவள். இடுப்புவரைக்கும் சேறு, சாம்பல் கலந்த கறுப்புச் சேறு. அனல்மின் நிலையம் அந்தச் சாம்பலைப் பெரிய குழாய் வழியாகக் கழிமுகத்தில் விட்டு விட்டு, இறாலும் குறைந்துவிட்டது. அன்றைக்குக் கூடையில் ரெண்டு கைப்பிடிதான்.

"அண்ணே, புதுசா ஒண்ணு வந்துகீது" என்றாள். "வெள்ளையும் கறுப்புமா, காலு நீட்டமா. நண்டா புடிச்சித் துன்னுது. குழாய்க்கு அந்தாண்ட மேட்ல. நாலு நாளா கீது. சுப்பு அண்ணனுக்குச் சொல்லியனுப்பிச்சேன், இன்னிக்கி வரேன்னாரு."

அருள்பிரகாசம் பையிலிருந்து தொலைநோக்கியை வெளியே எடுத்தார். வெள்ளையும் கறுப்பும், நீட்டுக் கால், நண்டு. நண்டுதின்னி உள்ளானாக இருக்குமோ? சங்கத்துக்காரர்கள் நம் கரையில் ஒரு தடவையாவது பார்த்துவிடவேண்டும் என்று வருஷக்கணக்காகத் தவம் கிடக்கிற பறவை. உடனே அடுத்த நினைப்பு: ஏன் அவன்கிட்ட சொன்னாள்? பன்னிரண்டு வருஷமாக இந்தக் கரைக்கு வருகிறவன் நான். நேற்று வந்தவனுக்குச் சொல்லியனுப்புகிறாள்!

"என்கிட்ட சொல்லணும்னு தோணலியா மங்கம்மா?"

"நீ பேசினாதானே அண்ணே சொல்ல முடியும்? கொடைய பிடிச்சிக்கினு உன்பாட்டுக்குப் போவ. அவரு வந்தாருன்னா குந்தி நாலு வார்த்த பேசுவாரு" என்றாள் மங்கம்மா. கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பு பக்கம் நடந்தாள். இவர் அதற்குள் அரை ஓட்டமாகக் குழாயைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

இருந்தது. நிஜமாகவே இருந்தது.

சிப்பி மேட்டில் ஒண்டியாக நின்றது. தும்பைப்பூ வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, சாம்பல்நீலத்தில் நீண்ட கால், கொறடு மாதிரி தடித்த கறுப்பு அலகு. நாலடி ஓடும், சடக்கென்று நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும். சேற்றிலிருந்து ஒரு நண்டை இழுத்து, உதறி உதறிக் காலைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடம்பை மட்டும் முழுங்கியது. பின்னால் புகைபோக்கிகள், கீழே சாம்பல் தண்ணி, நடுவில் இந்த ராஜா. அருள்பிரகாசத்துக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பூஞ்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் அப்படி ஒரு அழகு. அந்தக் கால் மணி நேரம் அவருக்கு யார்மேலும் எரிச்சல் இல்லை, சத்தியமாக.

அப்புறம் மொபெட் சத்தம் கேட்டது.

கரைமேல் சுப்புராஜ். மச்சான் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் இல்லை, ஒண்டி ஆள். வண்டியை நிறுத்தி, இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டிக்கொண்டிருந்தான். அருள்பிரகாசத்துக்குக் கணக்கு உடனே புரிந்தது. இங்கே இருப்பது ரெண்டே பேர். அவனுக்கும் ஒரு சாட்சி வேண்டும், எனக்கும் ஒரு சாட்சி வேண்டும். கையைத் தூக்கி "தோ கீது பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த மாசம் ரெண்டு பேர் பேரும் அச்சில். ஆனால் எப்படி வரும்? மங்கம்மா செய்தி சொன்னது அவனுக்கு. போன் போட்டுச் சங்கத்துக்குச் சொல்லப்போவதும் அவன். 'சுப்புராஜ் மற்றும் நண்பர்'.

அந்த 'மற்றும்' நினைப்பில் வந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. காலடியில் ஒரு கிளிஞ்சல் கட்டி கிடந்தது. எடுத்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு காக்காயைக்கூட விரட்டாத கை அது. வீசினார். கட்டி பறவைக்கு நாலடி தள்ளிச் சேற்றில் சொத்தென்று விழுந்தது. நண்டுதின்னி ஒரு கத்து கத்தி எழும்பியது. இறக்கையை விரித்து ஒரு வட்டம் போட்டு, முகத்துவாரத்துக்கு மேலே போய், கடல் பக்கம் திரும்பி மறைந்தது. எனக்கில்லை என்றால் உனக்கும் இல்லை. அவ்வளவுதான் அவர் மனசில் இருந்தது, வேறு ஒன்றுமில்லை.

சுப்புராஜ் குழாயைத் தாண்டி மூச்சு வாங்க வந்தான். "மாமு! நீயா! நல்லதாப் போச்சு, ஆளு கெடைக்கலியேன்னு பேஜாரா வந்துகினு இருந்தேன். ஏதாச்சும் கீதா?"

"ஒண்ணுமில்ல. அரை மணி நேரமா பாக்கறேன்."

"மங்கம்மா சொன்னாளே?"

"அவளுக்கு இன்னா தெரியும்? பவழக்கால் உள்ளானப் பாத்துட்டு சொல்லியிருப்பா."

"இருந்தாலும் தேடுவோம் மாமு" என்று சுப்புராஜ் செருப்பைக் கழற்றினான். தன் ஜப்பான் தொலைநோக்கியை எடுத்து இவர் கழுத்தில் மாட்டினான். "உன்னுது மங்கலா கீது. நீ இத்த வெச்சிக்கோ, உன் கண்ணுதான் கண்ணு."

மூன்று மணி நேரம் தேடினார்கள். அந்த மூன்று மணி நேரம் அருள்பிரகாசம் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது. அடுத்தவன் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வந்துடாதே வந்துடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டே தேடினார். தூரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு பறந்தால்கூடக் கண்ணாடியைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினார். நடுவில் சுப்புராஜ் டப்பாவைத் திறந்து புளிச்சோறும் வறுத்த நெத்திலியும் பாதிக்குப் பாதி வைத்தான். நெத்திலியில் பெரியதெல்லாம் இவர் பக்கம் தள்ளினான். இவர் தண்ணி குடித்துக் குடித்து இறக்கினார்.

தண்ணி ஏற ஆரம்பித்ததும் சுப்புராஜ் பெருமூச்சு விட்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தான். இடம், தேதி, நேரம், பறவை பேர் எல்லாம் எழுதி, எதிரே 'நில்' என்று போட்டான். கீழே கையெழுத்துப் போட்டு, தாளை இவர் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினான். ஆயிரம் ஷிப்டில் நீட்டின மாதிரியே நீட்டினான். அருள்பிரகாசம் கை தானாகப் போய்க் கையெழுத்தைப் போட்டது. போட்டு முடித்து, பேனாவை மூடிக் கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

"இத்த எதுக்கு எழுதற?" என்றார்.

"சங்கத்துல சொல்லிட்டேன் மாமு, இந்த மாதிரி ஒரு சேதி வந்துகீதுன்னு. போய்ப் பாத்து எழுதுன்னாங்க. இல்லன்னாலும் எழுதிக் குடுக்கணும்ல?" சுப்புராஜ் தாளை மடித்துப் பையில் வைத்தான்.

பிப்ரவரி முதல் வாரம், உர மூட்டை இறங்கிக்கொண்டிருந்த ஒரு கப்பல் ஓரத்தில், சுப்புராஜ் தூரத்திலிருந்தே தாளை ஆட்டிக்கொண்டு வந்தான். "மாமு, வந்துட்ச்சி மாமு, உன் பேரு!" அருள்பிரகாசம் வாங்கிப் படித்தார். 'எண்ணூர் கழிமுகத்தில் நண்டுதின்னி உள்ளான் வந்திருப்பதாக அங்குள்ள பெண் ஒருவர் கூறிய செய்தி தவறு. மூன்று மணி நேரம் நேரில் தேடி உறுதி செய்தவர்கள்: அருள்பிரகாசம், சுப்புராஜ்.'

"உன் பேருதான் முன்னாடி. நான்தான் போன் பண்ணி கண்டிசனா சொன்னேன்" என்றான் சுப்புராஜ். "புழல்ல உன்ன நண்பர்னு போட்டானுங்களே, எனக்கு எவ்ளோ நாளு மனசு சங்கட்டமா இருந்துச்சு தெரியுமா? எண்ணினது நீ. நான் உன் பேர எழுதித்தான் அனுப்பிச்சேன், அவனுங்க மாத்திட்டானுங்க."

அருள்பிரகாசம் முகத்தில் ஈயாடவில்லை. "ஓ" என்றார். கிரேன் திரும்பிவிட்டது, மூட்டை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு ரெண்டு தடவை கணக்கு தப்பியது. இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவை.

வீட்டில் அடைக்கலமேரி அந்தத் தாளை மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்கவில்லை, பேரைப் பார்த்ததே போதும் அவளுக்கு. பங்குச் சாமியார் கையைக் குலுக்கினார். அருள்பிரகாசம் ரெண்டு ஞாயிறு வீட்டிலேயே படுத்துக்கிடந்தார். மூன்றாவது ஞாயிறு மனசு கேட்கவில்லை, எண்ணூர் பஸ் ஏறிவிட்டார்.

ஜாபர் கடைச் சுவரில் இந்தத் தாளும் ஏறியிருந்தது. டீ வந்தது. ஒரு வாய் குடித்திருப்பார், கரைப் பக்கமிருந்து மங்கம்மா வந்து கூடையை இறக்கி வைத்தாள்.

"இன்னா அண்ணே, உன் பேரு போட்டுக்கீதாமே. ஜாபர் பாய் படிச்சிக் காட்டினாரு."

"ஆமா மங்கம்மா."

"நான் சொன்னது தப்புன்னு போட்டுக்கீதாமே. எங்காளுங்க சிரிக்கறாங்க. பொம்பளைக்குக் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெர்லன்னு. நாப்பது வருசமா அந்த சேத்துல கெடக்கறேன் அண்ணே." அவள் குரல் ஏறவில்லை. "ரெண்டு பேரு பாத்தா எழுதுவாங்களாமே, ஜாபர் பாய் சொன்னாரு. நான் பாத்தேன். நீயும் சுப்பு அண்ணனுக்கு முன்னாலயே போன. என் பேரும் உன் பேரும் போட்டு எழுது. கீதுன்னு எழுது."

அருள்பிரகாசத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷமாகச் சாட்சிக்கு ஆள் இல்லை ஆள் இல்லை என்று புழுங்கினாரே, அன்றைக்கு ஆள் எதிரிலேயே நின்றிருக்கிறாள். கூப்பிட்டிருந்தால் இருபதடி திரும்பி நடந்து வந்திருப்பாள். அவர் புத்தியில் அது தட்டவே இல்லை. இப்போது எழுதலாமா? எழுதினால் 'நில்' தாளில் இருக்கிற கையெழுத்துக்கு என்ன பதில் சொல்வது?

டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "நான் போறப்ப ஒண்ணும் இல்ல மங்கம்மா. நான் பாக்கல" என்றார்.

மங்கம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் குனிந்து கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸு வர்ல அண்ணே அன்னிக்கி. திரும்பி வந்து கரைமேலதான் நின்னுகினு இருந்தேன். நீ கல்லு வுட்டத பாத்தேன்" என்றாள். "சுப்பு அண்ணன் கைல இத்த நான் சொல்லல."

ஜாபர் பாய்லரைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். மங்கம்மா ரோட்டைத் தாண்டி மார்க்கெட் பக்கம் நடந்தாள்.